மித் கம்ரும் ரய்யானும்: எகிப்தின் எளிய மக்கள் தம் சேமிப்பை ஒப்படைத்த வரலாறு

வளைகுடாவில் இருபது ஆண்டுகள் உழைத்து ஊர் திரும்பியவர், கடைவீதியில் சிறு வணிகம் செய்து முதுமைக்கென்று சிறிது ஒதுக்கியவர், பணிக்கொடை பெற்று ஓய்வு பெறும் ஆசிரியர் ஆகியோர் ஆலிம்களிடம் கொண்டு வரும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே. இந்தப் பணத்தை எங்கே வைப்பது? வட்டி ஹராம் என்பதில் அவர்களுக்கு ஐயமில்லை. அதை நாம் சொல்லித்தான் அவர்கள் அறிய வேண்டும் என்பதும் இல்லை. அவர்கள் கேட்பது ஓர் இடத்தை. நாம் தருவதோ பெரும்பாலும் ஒரு சட்டத்தை. இவ்விரண்டுக்கும் நடுவே உள்ள வெற்றிடத்தில்தான் பல குடும்பங்களின் முதுமைக்காலச் சேமிப்பு காணாமற் போயிருக்கிறது.

இக்கேள்விக்கு நூற்றாண்டைக் கடந்த வரலாறு உண்டு. அவ்வரலாறு மிகத் தெளிவாகத் தெரிவது எகிப்தில். ஆகவே அங்கிருந்தே தொடங்குவோம்.

1901ஆம் ஆண்டு எகிப்தின் அஞ்சல் துறை ஒரு சேமிப்பு நிதியத்தைத் தொடங்கியது. நாடு அப்போது ஆங்கிலேயரின் பிடியில் இருந்தது. சிறு தொகையை அஞ்சலகத்தில் செலுத்தினால் ஆண்டுதோறும் குறிப்பிட்ட வட்டி சேரும் என்பது ஏற்பாடு. மக்கள் பணம் செலுத்தினார்கள். ஆனால் அவர்களுள் 3,000க்கும் மேற்பட்டோர், தமக்குச் சேர வேண்டிய வட்டியைப் பெற மறுத்துவிட்டார்கள் என்று அல்லாமா ரஷீத் ரிளா தம் 'அல் மனார்' இதழில் பதிவு செய்திருக்கிறார். அரசு திகைத்தது. அப்போது எகிப்தின் தலைமை முஃப்தியாக இருந்த முஹம்மது அப்துஹுவிடம் வழி கேட்கப்பட்டது. முளாரபா என்னும் இலாபப் பங்கு முறையில் அப்பணத்தைப் பயன்படுத்த இயலுமா என்ற ஆராய்ச்சி நடந்தது. 1904இல் நிதியத்தின் சட்டம் திருத்தப்பட்டது. அப்துஹு எதை எந்த அளவுக்கு அனுமதித்தார் என்பதில் அறிஞர்களிடையே இன்றளவும் விவாதம் நீடிக்கிறது. அவ்விவாதத்துள் இங்கு நுழைய வேண்டியதில்லை.

நம் கவனத்துக்குரியவர்கள் அந்த மூவாயிரம் பேர். அவர்கள் வட்டியை விலக்கினார்கள், ஆனால் முதலைத் திரும்பப் பெற்று வீட்டில் புதைத்து வைக்கவில்லை. அஞ்சலகத்தை அவர்கள் தேர்ந்தது இலாபத்துக்காக அன்று என்பது இதிலிருந்தே விளங்கும். திருட்டுக்கும் தீக்கும் அஞ்சி, தம் பணம் தொலையாது என்று நம்பிய ஓரிடத்தில் வைத்தார்கள். பெருக்கத்தை விடப் பாதுகாப்பையே சிறுசேமிப்பாளர் முதலில் நாடுகிறார்.

வங்கி என்பதே இல்லாத காலத்தில் இப்பாதுகாப்பை மக்கள் மனிதர்களிடம் தேடினார்கள். ஸுபைர் இப்னுல் அவ்வாம் (ரலி) அவர்களின் வரலாறு ஸஹீஹுல் புகாரியில் விரிவாக இடம்பெற்றுள்ளது. மக்கள் தம் பணத்தை அமானிதமாக அவர்களிடம் கொண்டு வருவார்கள். அவர்களோ அதை அமானிதமாக ஏற்க மறுத்து, கடனாகவே பெற்றுக்கொள்வார்கள். காரணம் நுட்பமானது. அமானிதப் பொருள், வைத்திருப்பவரின் கவனக்குறைவின்றித் தொலைந்துபோனால் அவர் ஈடு செய்ய வேண்டியதில்லை. கடனாயின் எந்நிலையிலும் திருப்பிக் கொடுத்தே தீர வேண்டும். அதாவது, இழப்பின் சுமையைப் பணம் கொடுத்தவர் மீது வைக்காமல் தம் தோள் மீதே ஏற்றிக்கொண்டார்கள்.

ஹிஜ்ரி 36இல் அவர்கள் ஷஹீதானபோது கடன் 22 இலட்சமாக இருந்தது. ரொக்கமாக எதையும் விட்டுச் செல்லவில்லை. மதீனாவில் பதினொரு வீடுகள், பஸராவில் இரண்டு, கூஃபாவில் ஒன்று, எகிப்தில் ஒன்று, 'காபா' என்னும் நிலம் ஆகியவையே சொத்து. (மக்காவிலுள்ள கஅபாவுடன் இந்நிலப் பெயரைக் குழப்பிக்கொள்ளாதிருக்க வேண்டும், மாணவர்கள் ஒவ்வோர் ஆண்டும் குழம்புகிறார்கள்.) 1,70,000க்கு வாங்கப்பட்ட அந்நிலம் 16 இலட்சமாக மதிப்பிடப்பட்டு விற்கப்பட்டது. மகனார் அப்துல்லாஹ் (ரலி) கடன்களை அடைத்தார்கள். அதன் பின்னும் வாரிசுகள் பங்கு கேட்டபோது கொடுக்கவில்லை. தொடர்ந்து நான்கு ஆண்டுகள் ஹஜ் காலத்தில், ஸுபைருக்குக் கடன் கொடுத்தவர் எவரேனும் இருந்தால் வந்து பெற்றுக்கொள்ளட்டும் என்று அறிவிப்புச் செய்த பின்னரே சொத்தைப் பங்கிட்டார்கள்.

இப்பாடத்தை நடத்தும்போதெல்லாம் மாணவர்கள் வாரிசுகளுக்குக் கிடைத்த பங்கைக் கணக்கிடத் தொடங்கிவிடுவது வழக்கம். அந்த நான்கு ஆண்டு அறிவிப்பில் அவர்களை நிறுத்தி வைப்பதற்கு நான் சற்றுப் பாடுபட வேண்டியிருக்கிறது.

எகிப்துக்குத் திரும்புவோம். நைல் நதியின் தமீத்தா கிளையின் கரையில் மித் கம்ர் என்றொரு ஊர் உண்டு. சுற்றிலும் பருத்தி விளையும் சிற்றூர்கள். 1963ஆம் ஆண்டு ஜூலை மாதம் அங்கு ஒரு சேமிப்பு வங்கி திறக்கப்பட்டது. அதை உருவாக்கியவர் அஹ்மத் அந்நஜ்ஜார் என்னும் இளம் பொருளியல் அறிஞர். அவர் மேற்கு ஜெர்மனியில் படித்தவர். போரில் சிதைந்த அந்நாட்டை எழுப்புவதில் ஊர்தோறும் இயங்கிய சிறுசேமிப்பு வங்கிகளுக்கு இருந்த பங்கை நேரில் கண்டவர். அம்முறையை வட்டியின்றி எகிப்தின் கிராமத்தில் நிறுவ முடியுமா என்பதே அவருடைய முயற்சி.

அன்றைய எகிப்தில் ஜமால் அப்துந் நாஸிரின் ஆட்சி. இஸ்லாமியப் பெயர் தாங்கிய எதுவும் ஆட்சியாளரின் ஐயத்துக்கு உள்ளாகும். ஆகவே 'உள்ளூர்ச் சேமிப்பு வங்கி' என்று மட்டுமே பெயரிட்டார்கள். பெயர்ப் பலகையில் இஸ்லாம் இல்லை. கணக்கேட்டில் வட்டி இல்லை. இவ்விரு செய்திகளையும் சேர்த்தே நினைவில் கொள்ளுமாறு வாசகரை வேண்டுகிறேன். பின்னால் இவ்வரிசை தலைகீழாவதைக் காண்போம்.

மித் கம்ர் வங்கியில் மூவகைக் கணக்குகள் இருந்தன. முதலாவது சேமிப்புக் கணக்கு. இதற்கு எந்த வருவாயும் கிடையாது. 5 குருஷ் இருந்தாலும் செலுத்தலாம். ஒரு பவுண்டில் இருபதில் ஒரு பங்கு அது. வேண்டும்போது திரும்பப் பெறலாம். தேவை ஏற்படும் வேளையில் வட்டியில்லாச் சிறு கடன் பெறும் தகுதியும் இக்கணக்கு வைத்திருப்பவருக்கு உண்டு. இரண்டாவது முதலீட்டுக் கணக்கு. இதில் இட்ட பணம் தொழில்களில் ஈடுபடுத்தப்படும். இலாபமோ நட்டமோ பங்கு போடப்படும். மூன்றாவது ஸகாத்தும் நன்கொடையும் சேரும் சமூக நிதி.

முதலாண்டில் 17,560 பேர் சேர்ந்தார்கள். அவர்கள் வைத்த மொத்தத் தொகை 40,944 பவுண்டு. ஒருவருக்குச் சராசரி இரண்டரை பவுண்டு கூட வராது. 1966-67இல் சேமிப்பாளர் 2,51,152 பேர். தொகை 18,28,375 பவுண்டு. அப்போதும் சராசரி ஏழு பவுண்டைச் சற்றே தாண்டியது, அவ்வளவுதான். இவ்வெண்கள் சொல்வதைக் கவனிக்க வேண்டும். செல்வர் சிலர் பெருந்தொகை கொண்டு வந்ததால் வங்கி வளரவில்லை. அதுவரை எந்த வங்கியின் படியும் ஏறாதவர்கள் திரள்திரளாக வந்தார்கள்.

ஏன் வந்தார்கள்? வட்டியில்லை என்பது ஒரு காரணம்தான், முழுக் காரணம் அன்று. வட்டி வேண்டாதவருக்கு வீட்டுப் பானையும் மனைவியின் கைவளையும் இருக்கவே இருந்தன. பணம் எங்கே போகிறது என்பது அவர்களுக்குத் தெரிந்தது. தறி வாங்கக் கடன் பெற்றவர் பக்கத்துத் தெருக்காரர். பட்டறை வைக்கப் பெற்றவர் மச்சானின் நண்பர். வங்கி கொடுத்த கடன் திரும்பி வருகிறதா என்பதை அறிய ஆண்டறிக்கை படிக்க வேண்டியதில்லை. அப்பட்டறையில் வேலை நடக்கிறதா என்று போகிற போக்கில் பார்த்தால் போதும்.

நபி (ஸல்) அவர்கள் கதீஜா (ரலி) அவர்களின் முதலைக் கொண்டு ஷாம் தேசம் சென்று வணிகம் செய்த வரலாற்றை அறியாதார் இல்லை. முளாரபாவுக்கு முன்மாதிரியாக அதைச் சொல்வோம். அப்பயணத்தில் கதீஜா (ரலி) அவர்களின் பணியாளர் மைஸராவும் உடன் சென்றதை அவ்வளவாகச் சொல்வதில்லை. 'அல் அமீன்' என்று ஊரே அழைத்த ஒருவரிடம் முதலை ஒப்படைத்த போதும் தம் சார்பில் ஒருவரை உடன் அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் பயணத்தில் கண்டவற்றை மைஸரா எடுத்துரைத்தார். மித் கம்ரின் உழவர்களுக்கு அவர்களின் தெருவே மைஸராவாக இருந்தது எனலாம்.

அவ்வங்கி நீடிக்கவில்லை. 1967இல் அரசியல் காரணங்களால் அதன் தனித்தன்மை பறிக்கப்பட்டு, அரசு வங்கிகளின் பொறுப்பில் விடப்பட்டது. 1971இல் அரசு தொடங்கிய 'நாஸிர் சமூக வங்கி' வட்டியின்றி இயங்கும் என்று அறிவிக்கப்பட்டது. ஆனால் அது மேலிருந்து இறங்கிய நிறுவனம், ஊரிலிருந்து முளைத்ததன்று.

மித் கம்ர் வங்கி திறந்த அதே 1963ஆம் ஆண்டு செப்டம்பரில் மலாயாவிலும் ஒரு வாசல் திறந்தது. ஹஜ்ஜுக்கென்று மலாய்க் கிராமத்தார் பணத்தைத் தலையணைக்கு அடியில் ஒளிப்பதையும், நிலத்தையும் மாட்டையும் விற்றுச் சென்று திரும்பி வறுமையில் விழுவதையும் கண்ட பொருளியல் அறிஞர் உங்கு அப்துல் அஸீஸ் 1959இல் ஒரு திட்டம் வரைந்தார். அதன் விளைவே இன்று தாபோங் ஹாஜி எனப்படும் நிறுவனம். 1,281 பேருடன் தொடங்கிய அது, பல இலட்சம் மக்களின் சேமிப்பகமாயிற்று. அதுவும் தவறாத நிறுவனமன்று. 2018இல் அதன் கடப்பாடுகள் சொத்தை விட மிகுந்துவிட்டமை வெளிப்பட்டு, ஏறத்தாழ 1,990 கோடி ரிங்கிட்டுக்கு அதன் நலிந்த சொத்துகளை அரசின் வேறொரு நிறுவனம் எடுத்துக்கொள்ள நேர்ந்தது. எனினும் சேமிப்பாளரின் முதலுக்கு அரசின் உத்தரவாதம் இருந்தது. கணக்கைத் தணிக்கை செய்ய அதிகாரம் படைத்தோரும் இருந்தனர். நோய் தெரிந்தது, ஆகவே மருந்தும் தேடப்பட்டது.

இனி எகிப்தின் அடுத்த தலைமுறைக்கு வருவோம். இவ்வரலாற்றில் மிகவும் துயரமான பகுதி இதுவே. 1973க்குப் பிறகு எண்ணெய் விலை உயர்ந்தது. எகிப்தியர் பெருங்கூட்டமாக வளைகுடாவுக்கும் லிபியாவுக்கும் ஈராக்குக்கும் வேலைக்குச் சென்றார்கள். கட்டடத் தொழிலாளி, ஆசிரியர், கணக்கர், மருத்துவர் என எல்லாத் தரத்தினரும் அவர்களுள் இருந்தனர். காயல்பட்டினத்துக்கும் அதிராம்பட்டினத்துக்கும் கீழக்கரைக்கும் இச்சூழலை விளக்க வேண்டியதில்லை. ஊருக்குப் பணம் வந்தது. அப்பணத்தை வைக்க இடமில்லை. அரசு குறித்த நாணய மாற்று விகிதத்தில் வங்கி வழியே அனுப்பினால் கையில் கிடைப்பது குறைவு. தெருவில் மாற்றினால் மிகுதி. வங்கியில் போட்டால் வட்டி. அந்த வட்டியையும் விலைவாசி விழுங்கிவிடும்.

இந்த இடைவெளியில் எழுந்தவையே 'முதலீட்டு நிறுவனங்கள்' என்று எகிப்தில் அறியப்பட்டவை. ரய்யான், ஸஅத், ஷரீஃப் ஆகியவை அவற்றுள் பெயர் பெற்றவை. ஷரீஃப் குழுமத்துக்குத் தொழிற்சாலைகள் இருந்தன. ரய்யான் சகோதரர்களின் வளர்ச்சியோ நாணய மாற்று வணிகத்தோடு பிணைந்தது. வெளிநாட்டில் உழைப்பவரின் டாலரை வாங்கி ஊரில் குடும்பத்துக்குப் பவுண்டாகக் கொடுத்தவர்களிடம், நாளடைவில் அப்பணத்தை விட்டு வைக்கும் பழக்கமும் வளர்ந்தது. முகம் தெரிந்தவர், தாடி வைத்தவர், தொழுகை தவறாதவர், இத்தனை ஆண்டுகளாகச் சொன்ன தொகையைச் சொன்ன நாளில் கொடுத்தவர். வேறென்ன சான்று வேண்டும்?

ரய்யான் ஆண்டுக்கு 24 சதவீதம் வரை கொடுத்தார். வங்கி வட்டியைப்போல் அது ஏறத்தாழ இருமடங்கு. அதை வட்டி என்று எவரும் அழைக்கவில்லை. இலாபம் என்றே அழைத்தார்கள். அது மாதந்தோறும் கிடைத்தது என்பதுதான் முதியவர்களை ஈர்த்த செய்தி. முதுமைக்குச் சேமித்தவருக்கு இருபது ஆண்டுகள் கழித்து வரும் பெருந்தொகையை விட, ஒவ்வொரு மாதமும் அடுப்பெரியச் செய்யும் சிறுதொகையே பெரிது. ஓய்வூதியம் இல்லாத மனிதர் தமக்குத் தாமே ஓர் ஓய்வூதியம் ஏற்படுத்திக்கொள்ளும் வழியாக அதைக் கண்டார். அவரைப் பேராசைக்காரர் என்று இன்று எளிதில் ஏசிவிடுகிறோம். அந்த ஏச்சு நியாயமற்றது.

ஃபிக்ஹு நூல்களைப் புரட்டியவருக்கு இங்கே ஒரு மணி அடித்திருக்க வேண்டும். முளாரபாவில் முதலுடையவருக்கும் தொழில் செய்பவருக்கும் இடையே பேசப்படுவது இலாபத்தின் விகிதமே தவிர முதலின் விகிதமன்று. இலாபம் ஏறும், இறங்கும், சில ஆண்டு இல்லாமலும் போகும். நட்டம் வந்தால் முதலுடையவரே தாங்க வேண்டும். பருத்தி விலை எப்படி ஆடினாலும், பொன் விலை எப்படிச் சரிந்தாலும், ஆண்டுதோறும் ஒரே அளவில் வந்து கொண்டிருக்கும் 'இலாபம்' எந்த வணிகத்திலிருந்து வருகிறது? அக்கேள்வியை உரக்கக் கேட்ட ஆலிம்கள் குறைவு. அந்நிறுவனங்களின் விளம்பரங்களிலும் மேடைகளிலும் மார்க்க அறிஞர் சிலர் தோன்றியதுண்டு. அவர்களின் முகமே பலருக்கு ஃபத்வாவாக அமைந்துவிட்டது. வட்டியில்லை என்று சொல்லப்பட்ட சொல்லை ஆராய்ந்தார்கள். பணம் எங்கே இருக்கிறது என்பதை ஆராயவில்லை.

1986 நவம்பரில் ரய்யான் வெளிநாட்டுப் பொன் சந்தையில் பெருந்தொகை இழந்துவிட்டார் என்ற செய்தி பரவியது. மக்கள் திரண்டு பணத்தைக் கேட்டார்கள். நிறுவனம் அந்நெருக்கடியைத் தாண்டி நின்றது. கேட்டவருக்குக் கிடைக்கிறது என்பதே போதுமான விடையாகத் தோன்றிற்று. கொடுத்த பணம் இலாபத்திலிருந்து வந்ததா, புதிதாகச் சேர்ந்தவரின் முதலிலிருந்து வந்ததா என்பதை எந்த ஏட்டிலும் பார்க்க வழியில்லை. ஏனெனில் பொதுமக்கள் பார்க்கத்தக்க ஏடு எதுவும் இல்லை.

1988 ஜூன் மாதம் எகிப்து அரசு 146ஆம் எண் சட்டத்தை இயற்றியது. பொதுமக்களிடம் முதலீடு பெறும் நிறுவனங்கள் பங்கு நிறுவனங்களாக மாற வேண்டும், கணக்கைத் தணிக்கைக்கு உட்படுத்தி வெளியிட வேண்டும் என்றது அச்சட்டம். ரய்யானால் கணக்கைக் காட்ட இயலவில்லை. அவ்வாண்டின் இறுதிக்குள் அவர் சிறையில் இருந்தார். மக்களின் பணத்தில் பெரும்பகுதி வெளிநாட்டுச் சந்தைகளில் பொன்னிலும் நாணயத்திலும் சூதாட்டம் போல ஈடுபடுத்தப்பட்டிருந்தது தெரிய வந்தது. இன்னொன்றும் வெளிப்பட்டது. அதிகாரத்தில் இருந்தோர்க்கும் செல்வாக்குடையோர்க்கும் மற்றவரை விட மிகுந்த 'இலாபம்' கொடுத்து வந்த தனிப் பட்டியல்கள் இருந்தனவாம். அவற்றுக்கு மக்கள் வழங்கிய பெயர் 'குஷூஃபுல் பரகா', அதாவது பரக்கத்துப் பட்டியல்கள். மார்க்கச் சொல் ஒன்று இதைவிட இழிவாகப் பயன்பட்ட தருணம் எனக்குத் தெரியவில்லை.

அரசே இந்நிறுவனங்களை வீழ்த்தியது, வங்கிகளின் நலனுக்காகவே சட்டம் வந்தது என்று வாதிடுவோர் இன்றும் உளர். அவ்வாதத்தில் உண்மை அறவே இல்லை என்று சொல்ல மாட்டேன். பல ஆண்டுகள் கண்ணை மூடிக்கொண்டிருந்த அரசு, திடீரென்று விழித்ததற்கு அரசியல் காரணங்களும் இருந்தன. ஆனால் ஏட்டைத் திற என்று சொன்னதும் இடிந்து விழும் வீட்டுக்கு, ஏட்டைத் திறக்கச் சொன்னவரா காரணம்? அதே காலத்தில் எகிப்தில் ஃபைஸல் இஸ்லாமிய வங்கியும் இயங்கி வந்தது. 1977இல் தனிச் சட்டத்தின் வழியே அமைக்கப்பட்டது அது. ரய்யானைப் போல் வாரி வழங்கவில்லை. ஆகவே பலர் அதைக் கடந்து ரய்யானிடம் சென்றார்கள். இன்றும் அவ்வங்கி இருக்கிறது.

எகிப்தின் இவ்வரலாற்றைப் படிக்கும்போது நம் நாட்டு நிகழ்ச்சிகளும் நினைவுக்கு வருவதைத் தவிர்க்க முடியாது. ஹலால் இலாபம் என்ற பெயரில் பல்லாயிரம் முஸ்லிம் குடும்பங்களிடம் பணம் திரட்டிய ஒரு நிறுவனம் 2019இல் பெங்களூரில் சரிந்ததையும், அதை நடத்தியவர் நாட்டை விட்டே வெளியேறியதையும் செய்தித்தாள்களில் எல்லோரும் படித்தோம். அங்கும் மாதந்தோறும் பணம் வந்தது. அங்கும் வட்டி என்ற சொல் இல்லை.

ரய்யானிடம் பணம் வைத்தவர்களுக்கு இழப்பீடு கொடுக்கும் பணி ஆண்டுக்கணக்கில் இழுத்தது. ஒருவருக்கு ஒரு பகுதி, அதுவும் தவணை தவணையாக. பணத்தின் மதிப்போ ஆண்டுக்காண்டு குறைந்து வந்தது. அஹ்மத் அர்ரய்யான் 2010இல் விடுதலையானார். அடுத்த ஆண்டு ரமளானில் அவருடைய வாழ்க்கையைத் தொலைக்காட்சித் தொடராக எடுத்து ஒளிபரப்பினார்கள். 1988இல் நாற்பது வயதில் இருந்த முதலீட்டாளருக்கு அப்போது அறுபத்து மூன்று வயது. எந்த முதுமைக்கென்று சேமித்தாரோ அம்முதுமையில், இஃப்தாருக்குப் பின் வீட்டுக் கூடத்தில் அமர்ந்து, தம் பணம் போன கதையை அவர் முப்பது இரவுகள் பார்த்திருக்கக் கூடும்.